எண்ணிய நாடுகளும் கண்ட நாடுகளும்: முழுவுலகப் பயண நூல்கள் பற்றிய ஓர் ஆய்வு

தோற்றுவாய்

பயணம் செய்தோர் பலர். செய்த பயணத்தை எழுதி வைத்தோர் சிலர். அச்சிலருள்ளும், உலகத்து நாடுகளுள் ஒன்றையும் விடாது அனைத்தையும் கண்டுவிடல் வேண்டும் என்னும் வேட்கையையே வாழ்வின் குறிக்கோளாகக் கொண்டு, அவ்வேட்கை நிறைவேறிய வரலாற்றை நூலாக்கித் தந்தோர் மிகச் சிலரே. அமெரிக்கராகிய ஆல்பர்ட் போடெல் 2015இல் வெளியிட்ட ‘ஐம்பது ஆண்டுகளில் உலகைச் சுற்றி’ என்னும் பொருள்படும் நூலும், நார்வே நாட்டினராகிய குன்னார் கார்ஃபோர்ஸ் ‘198’ என்னும் எண்ணையே தலைப்பின் முதலாக நிறுத்தி எழுதிய நூலும், உகாண்டா நாட்டுப் பெற்றோர்க்கு அமெரிக்காவிற் பிறந்த ஜெசிக்கா நபோங்கோ 2022இல் வெளியிட்ட நூலும் இவ்வகையின. இவற்றை முழுவுலகப் பயண நூல்கள் எனக் குறிப்போம்.

இலக்கியத் திறனாய்வாளர் இந்நூல்களைப் பொருட்படுத்துவது அரிது. விளையாட்டு வீரர் ஒருவரின் சாதனைக் குறிப்பைப் படிப்பது போலப் படித்து ஒதுக்கிவிடுவதே பெருவழக்கு. ஆனால், பயண நூலாசிரியர் ஒருவரின் பெருமையை அவர் சென்ற நாடுகளின் தொகையால் அளக்கும் பழக்கம் நம்மிடையேயும் இல்லாமல் இல்லை. பயண இலக்கியத்தை ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொள்ளும் மாணவர், ஆசிரியர் சென்ற நாடுகளை முதலில் எண்ணி, நூலின் நயத்தைப் பின்னரே நாடுவது எளிதில் நேரும் பிழையாகும். ஆகவே, எண்ணிக்கையையே உயிராகக் கொண்ட நூல்களை ஆராய்வது, எண்ணிக்கை ஓர் இலக்கியத்திற்கு எதைத் தரும், எதைத் தராது என்பதைத் தெளிவுறுத்தும். அத்தெளிவே இக்கட்டுரையின் நோக்கம்.

நாடுகள் எத்தனை?

முதற்கண் எழும் வினா, உலகில் நாடுகள் எத்தனை என்பது. போடெல் கண்டவை 196. நபோங்கோ 2019இல் நிறைவு செய்தவை 195. கார்ஃபோர்ஸ் கண்டவை 198. விமானம் ஏறாது தரைவழியும் நீர்வழியும் சென்ற இங்கிலாந்து நாட்டினராகிய கிரஹாம் ஹியூஸ் தம் கணக்கை 201 என வைத்தார். அவ்வாறே விமானம் ஏறாது சென்ற டென்மார்க் நாட்டினராகிய தோர் பெடர்சன் 203 என முடித்தார். ஐவரும் ‘எல்லா’ நாடுகளையும் கண்டவரே. ஆயினும் ஐவர் கணக்கும் ஐந்தாக உள்ளன.

இவ்வேற்றுமை கணக்கின் பிழையன்று. நாடு என்னும் கருத்திலேயே உள்ள நெகிழ்ச்சியின் விளைவு. 1933இல் மான்டிவிடியோ நகரிற் செய்துகொள்ளப்பட்ட உடன்படிக்கை, நிலையான மக்கட்டொகை, வரையறுத்த நிலப்பரப்பு, அரசு, பிற நாடுகளோடு உறவு கொள்ளும் ஆற்றல் என நான்கு இலக்கணங்களை நாட்டிற்கு வகுத்தது. இலக்கணம் நான்காயினும், அவை பொருந்தும் இடம் எது என்பதில் அரசுகளுக்குள் ஒற்றுமை இல்லை. ஐக்கிய நாடுகள் அவையின் உறுப்பினர் 193. உறுப்பினரல்லாப் பார்வையாளராகிய வத்திக்கானையும் பாலத்தீனத்தையும் கூட்ட 195 ஆகும். தைவான், கொசோவோ, மேற்குச் சகாரா ஆகியவற்றையும் சேர்ப்பின் 198 ஆகும். ஐக்கிய அரசின் உறுப்புகளாகிய இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து என்னும் நான்கையும் ஒன்றெனக் கொள்ளாது தனித்தனியே எண்ணின் 201 ஆகும். ஹியூஸின் கணக்கு இதுவே.

கால வேறுபாடும் கருதத்தக்கது. 1945இல் ஐக்கிய நாடுகள் அவை தோன்றியபோது உறுப்பு நாடுகள் 51. 1960ஆம் ஆண்டில் மட்டும் 17 நாடுகள் சேர்ந்தன. அவற்றுள் 16 ஆப்பிரிக்க நாடுகள். சோவியத் ஒன்றியம் 1991இல் மறைந்தது. செக்கோஸ்லோவாக்கியா 1993இல் இரண்டாயிற்று. தென்சூடான் 2011 ஜூலையில் பிறந்தது. எனவே, எல்லா நாடுகளையும் காண்பேன் எனச் சூளுரைப்பவன், தான் நடக்க நடக்கத் தானும் நகரும் ஓர் எல்லையை நோக்கி நடக்கின்றான். ஹியூஸ் 2009 ஜனவரி முதல் நாள் உருகுவே நாட்டிலிருந்து புறப்பட்டார். 2012 நவம்பரில் தென்சூடானின் தலைநகராகிய ஜூபாவை அடைந்து பட்டியலை முடித்தார். அவர் புறப்பட்ட நாளில் அந்நாடு உலகப் படத்தில் இல்லை! முடிவிடமே இடைவழியிற் பிறந்த இந்நிகழ்ச்சி, இவ்வகைப் பயணத்தின் இயல்பை ஒரு சேர விளக்கிவிடுகின்றது.

‘சென்றேன்’ என்னும் சொல்லின் பொருளும் ஆளுக்கு ஆள் வேறுபடும். 1954இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் தோன்றிய நூறு நாட்டுப் பயணியர் சங்கம், முந்நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளும் நிலப்பகுதிகளும் கொண்ட தன் பட்டியலில், விமானம் எரிபொருள் நிரப்ப இறங்கிய இடத்தையும் சென்ற இடமாகவே ஏற்கின்றது. பெடர்சனோ ஒவ்வொரு நாட்டிலும் குறைந்தது 24 மணி நேரம் தங்குதல் வேண்டும் எனத் தமக்குத்தாமே விதி வகுத்துக்கொண்டார். இவ்விரண்டு விதிகளுக்கும் இடையே உள்ள தொலைவு கால அளவு பற்றியது மட்டுமன்று. முன்னது நாட்டை ஒரு புள்ளியாகக் கொள்கின்றது. பின்னது அதனை ஓர் இரவும் ஒரு பகலும் உடைய இடமாகக் கொள்கின்றது.

முன்னோர் இருவர்

இவ்வேட்கை முற்றிலும் புதியதன்று. மொராக்கோ நாட்டுத் தாஞ்சியர் நகரிலிருந்து 1325இற் புறப்பட்ட இப்னு பதூதா, இயன்றவரை ஒருமுறை சென்ற வழியில் மறுமுறை செல்வதில்லை என்னும் நெறியைக் கடைப்பிடித்தவர். அவர் சொல்லச் சொல்ல இப்னு ஜுசை என்பார் எழுதி 1355இல் முடித்த பயண நூல் உலகப் புகழ் பெற்றது. அவர் கையில் நாடுகளின் பட்டியல் இல்லை. ஆயினும் முழுமையில் ஆசை இருந்தது. வோல்கா ஆற்றங்கரைப் பல்கார் நகருக்குத் தாம் சென்றதாக அந்நூல் கூறும் பகுதியை ஆராய்ந்த அறிஞர், அப்பயணம் நிகழ்ந்திருக்க இயலாது எனக் காட்டியுள்ளனர். காணாததையும் கண்ட வரிசையிற் சேர்க்கத் தூண்டும் ஆசை அன்றே தோன்றிவிட்டது எனலாம்.

அதே நூலில் மதுரையைப் பற்றிய பகுதியை நோக்குக. மதுரையை ஆண்ட சுல்தான் கியாசுத்தீன், பதூதாவின் மனைவியர் ஒருவர் வழியே அவருக்கு உறவினன்; அவரை விருந்தினராக ஏற்றவன். எனினும் அவன் சிறைப்பட்ட மக்களுக்கு, பெண்டிர் சிறுவர் என்றும் பாராது, இழைத்த கொடுமையைப் பதூதா மறையாது எழுதிக் கண்டிக்கின்றார். நகரிற் பரவிய கொள்ளைநோயையும், தாம் காய்ச்சலுற்று வருந்தியதையும் கூறுகின்றார். பல்கார் பகுதி ஒரு பெயரைச் சேர்க்கின்றது. மதுரைப் பகுதி ஓர் அறத்தீர்ப்பைத் தருகின்றது. முழுமைக்காக எழுதிய இடத்தில் நூல் பொய்த்தது. தங்கி வருந்திய இடத்தில் அது நின்றது. இவ்வேறுபாடு நம் ஆய்விற்கு வழிகாட்டியாக அமைகின்றது.

மற்றொரு முன்னோர் கற்பனை மாந்தர். ஜூல் வேர்ன் 1872இல் எழுதத் தொடங்கிய எண்பது நாள் உலகப் பயணக் கதையின் தலைவன் ஃபிலியாஸ் ஃபாக், உலகைச் சுற்றுகின்றான். ஆனால் உலகைப் பார்ப்பதில்லை. கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போதும் சீட்டாட்டத்தில் ஆழ்ந்திருக்கின்றான். ஊரைப் பார்ப்பவன் அவன் பணியாளனே. வேர்ன் இதனை நகைச்சுவையாகவே அமைத்தார். ஆயினும் உலகம் நகைச்சுவையை விட்டுவிட்டுப் பந்தயத்தை மட்டும் எடுத்துக்கொண்டது. அமெரிக்கச் செய்தியாளர் நெல்லி பிளை 1889இற் புறப்பட்டு 72 நாள்களில் உலகைச் சுற்றி, 1890 ஜனவரியில் மீண்டார். இன்றைய முழுவுலகப் பயணியரின் கையில் உள்ள கணக்கேடு பதூதாவின் வேட்கையும் ஃபாக்கின் கடிகாரமும் கூடிப் பிறந்த குழந்தையாகும்.

முப்பொருள் நோக்கு

இந்நூல்களை எவ்வளவு கொண்டு அளப்பது? தொல்காப்பியனார் அகப்பாடலுக்கு வகுத்த முதல், கரு, உரி என்னும் முப்பொருட் பாகுபாடு ஈண்டுத் துணை செய்யும். அது அகத்திணைக்கே உரியது. அயல்நாட்டு உரைநடைக்கு ஏற்றுதல் தகுமோ என வினவலாம். இலக்கணமாக ஏற்றுதல் தகாது. அளவுகோலாகக் கொள்ளுதல் தகும். நிலமும் பொழுதும் முதல் என்றும், அந்நிலத்து வாழ்வன கரு என்றும், அங்கு நிகழும் உள்ளத்து ஒழுக்கம் உரி என்றும் பகுத்து, இம்மூன்றும் ஒன்றினொன்று சிறந்து செல்வன எனக் கூறியது இடத்தைப் பற்றிய எந்த எழுத்தையும் ஆராய உதவும் கருத்தாகும்.

முழுவுலகப் பயண நூல்களில் முதற்பொருள் மிகச் சுருங்கிவிடுகின்றது. நிலம் பட்டியலில் ஒரு பெயராகின்றது. பொழுது, செலவிட்ட நாள்களின் தொகையாகின்றது. கருப்பொருளோ மிகுதியாக வருகின்றது. ஆனால் தன் நிலத்தினின்று பிரிந்து வருகின்றது. போடெல், தாம் உண்ட ஒட்டக இறைச்சி, எலி, சாணவண்டு போன்றவற்றைச் சுவைபடக் கூறுகின்றார். படிப்போர் வியக்கின்றனர். ஆனால் ஓர் உணவு ஒரு நிலத்தின் கருப்பொருளாவது, அந்நிலத்து மக்கள் அதனை ஏன் உண்கின்றனர், எப்போது உண்கின்றனர், யாரோடு பகிர்கின்றனர் என்பன விளங்கும்போதே. அவை விளங்காவிடத்து உணவு காட்சிப்பொருளாகின்றது. உண்டவரின் துணிவுக்குச் சான்றாகின்றது. உண்ணும் மக்கள் மறைந்துவிடுகின்றனர்.

உரிப்பொருள் நிலை இன்னும் நுட்பமானது. இந்நூல்களில் உணர்ச்சி இல்லை என்பது பொருந்தாது; உணர்ச்சி நிரம்ப உண்டு. நுழைவு இசைவு கிடைக்குமா, கப்பல் வருமா, போர் மூளுமா, பொருள் போதுமா என்னும் கவலை பக்கந்தோறும் துடிக்கின்றது. ஆனால் அவ்வுணர்ச்சி பயணிக்கும் பட்டியலுக்கும் இடையே நிகழ்வது; பயணிக்கும் நாட்டுக்கும் இடையே நிகழ்வதன்று. ஆதலின் நாடு மாறினும் உணர்ச்சி மாறுவதில்லை. ஓர் ஆப்பிரிக்க நாட்டின் எல்லையிற் காத்திருந்த கவலையும் பசிபிக் தீவு ஒன்றின் துறையிற் காத்திருந்த கவலையும் ஒரே நிறத்தன. இதுவே இந்நூல்களைத் தொடர்ந்து படிப்போர்க்கு நேரும் அயர்வின் காரணம் என்பது நம் கருத்து.

நபோங்கோவின் நூல் இவ்விடர்ப்பாட்டை ஓரளவு உணர்ந்தது போலத் தோன்றுகின்றது. சென்ற நாடுகள் 195 ஆயினும் நூலில் விரித்துப் பேசப்படுவன 100. சென்றதையெல்லாம் எழுதல் வேண்டும் என்பதில்லை என்னும் இத்தெரிவு, பட்டியலுக்கும் எழுத்துக்கும் இடையே உள்ள வேறுபாட்டை ஆசிரியரே ஒப்புக்கொண்டமைக்குச் சான்றாகும். மேலும், கடவுச்சீட்டும் தோல்நிறமும் நாட்டெல்லைகளில் எவ்வாறு எடைபோடப்படுகின்றன என்பதை அவர் பலகாற் பேசியிருக்கின்றார். சில நாட்டுக் குடிமக்கள் நூற்றைம்பதிற்கும் மேற்பட்ட நாடுகளுக்கு முன்னிசைவு இன்றியே செல்லலாம். வேறு சிலர்க்கு அதிற் சிறு பங்கும் இயலாது. எல்லா நாடுகளையும் காண்பேன் என்னும் சூளுரை எல்லா நாட்டினர்க்கும் ஒருபடித்தாக வாய்ப்பதன்று. இவ்வுண்மையைப் பேசும் நூல், பேசாத நூலினும் ஒரு படி உயர்ந்து நிற்கும்.

பட்டியலின் அறம்

இதுகாறும் பட்டியலின் குறையே கூறினோம். நடுநிலை பிறழாத் திறனாய்வு அதன் நிறையையும் கூறல் வேண்டும். விரும்பிய நாட்டுக்கு மட்டும் செல்பவன் தன் விருப்பத்தின் எல்லைக்குள்ளேயே உலவுகின்றான். பாரிசும் இலண்டனும் ஆயிரம் நூல்களில் எழுதப்பெற்றன. 21 சதுர கிலோமீட்டர் பரப்புடைய நவுருவையும், 26 சதுர கிலோமீட்டர் பரப்புடைய துவாலுவையும் யார் எழுதினர்? அவற்றைத் தேடிச் செல்லுமாறு பயணியை நெருக்குவது பட்டியலே. அப்பட்டியலில் நவுருவும் ஒன்று. ஒரு கோடியே எழுபது இலட்சம் சதுர கிலோமீட்டர் பரந்த ரஷ்யாவும் ஒன்று.

இச்சமநிலை பயணியர் கண்டதன்று. நாடுகள் அனைத்தும் இறைமையில் ஒத்தவை என ஐக்கிய நாடுகள் அவையின் சாசனம் கூறுகின்றது. பொதுச்சபையில் ஒரு நாட்டிற்கு ஒரு வாக்கு. அந்த அரசியற் சமநிலையை அறிந்தோ அறியாமலோ இலக்கியத்திற்குட் கொணர்ந்தவர் இப்பயணியர். புகழ் பெற்ற நாட்டுக்கு ஓர் இயலும் புகழற்ற நாட்டுக்கு ஒரு வரியும் தந்துவந்த பழைய பயண நூல்களின் ஓரவஞ்சனையைப் பட்டியல் சிறிதேனும் திருத்துகின்றது. ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. சமமாக எண்ணுதல் வேறு. சமமாக மதித்தல் வேறு. நவுருவிற்கு ரஷ்யாவோடு ஒத்த எண் தந்தவர், அதற்கு ஒத்த கவனமும் தந்தாரா என்பதே வினா. பட்டியல் வாயிலைத் திறந்துவிடும். உள்ளே அழைத்துச் செல்லாது.

தடையும் தங்கலும்

அவ்வாறாயின் இப்பயணங்களில் இலக்கியம் எங்கே பிறக்கின்றது? பட்டியல் தடைப்படும் இடத்திற் பிறக்கின்றது என்பதே நம் முடிபு. ஹியூஸின் பயணத்தில், உரிய இசைவின்றி ரஷ்ய எல்லையைக் கடந்தமை ஐயத்திற்கு உள்ளாகவே, அவர் 2013 ஜனவரியில் மீண்டும் முறைப்படி அந்நாட்டிற்குட் செல்ல நேர்ந்தது; அதன் பின்னரே 4 ஆண்டு 31 நாள் என அவர் சாதனை பதிவாயிற்று. முடிந்ததெனக் கருதிய கணக்கு முடியவில்லை என அறிந்த அந்நிலை, ஒரு நாட்டின் மண்ணை மிதித்தலும் அந்நாட்டினால் ஏற்கப்படுதலும் ஒன்றல்ல என்னும் பேருண்மையைக் காட்டுகின்றது.

பெடர்சனின் வரலாறு இதனினும் ஆழமானது. விமானம் ஏறுவதில்லை, பட்டியல் முடியுமுன் தாயகம் திரும்புவதில்லை, நாளொன்றுக்குச் சராசரி 20 டாலருக்குள் வாழ்தல் வேண்டும் என்னும் விதிகளோடு அவர் 2013 அக்டோபர் 10ஆம் நாள் புறப்பட்டார். சில ஆண்டுகளில் முடியும் என எண்ணிய பயணம் ஏறத்தாழப் பத்தாண்டு நீண்டது. கானா நாட்டிற் கொடிய மலேரியாவால் வருந்தினார். மணம் செய்துகொள்ள இருந்த பெண் அவரைத் தேடிப் பல நாடுகளுக்குப் பலமுறை சென்றார். பிரிந்து சென்ற தலைவனுக்காகத் தலைவி ஆற்றியிருத்தலைப் பாடிப் பழகிய நமக்கு, தலைவியே வழிநடந்து சென்ற இம்மாற்றம் எண்ணத்தக்கது.

2020இன் தொடக்கத்தில் அவர் ஹாங்காங் நகரை அடைந்தார். நான்கு நாள் தங்கல் என்பது திட்டம். எஞ்சியிருந்தவை ஒன்பது நாடுகளே. கொரோனா பெருந்தொற்று எல்லைகளை மூடிற்று. நான்கு நாள் இரண்டு ஆண்டுகளாயிற்று. 2022 ஜனவரியிலேயே அவர் அந்நகரை விட்டுப் புறப்பட முடிந்தது. 2023 மே 23ஆம் நாள் மாலத்தீவில் அவர் பட்டியல் முடிவுற்றது. அதன் பின்னர்க் கப்பலிலேயே டென்மார்க் மீண்டார். பத்தாண்டுப் பயணத்தில் ஐந்திலொரு பங்கு, ஏற்கெனவே எண்ணி முடித்த ஓரிடத்திற் கழிந்தது. பட்டியலின் நோக்கில் இவ்விரண்டாண்டும் பயனற்றவை. ஓர் எண்ணும் கூடவில்லை. ஆனால் அவர் அம்மலைப் பாதைகளில் நடந்ததும், ஊராரோடு பழகியதும், அந்நகரைத் தம் ஊர்போலக் கருதும் நிலை எய்தியதும் அக்காலத்திலேயே. எண் நின்ற இடத்தில் நிலம் தோன்றியது, பொழுது தோன்றியது, மக்கள் தோன்றினர். முதலும் கருவும் உரியும் ஒன்றுகூடியது, விருப்பத்தாலன்று, தடையாலேயே.

தமிழ்ப் பயணி ஒருவர்

இம்முடிபை நம் மொழிப் பயண இலக்கியத்தோடு ஒப்பிட்டு நிறுவலாம். ‘உலகம் சுற்றும் தமிழன்’ என்னும் நூற்பெயராலேயே அறியப்பெற்ற ஏ. கே. செட்டியார் (1911-1983) கண்ட நாடுகள் பல. ஆனால் அவர் நாடுகளை எண்ணப் புறப்பட்டவரல்லர். 1937 அக்டோபர் 2ஆம் நாள், நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குச் சென்ற கப்பலில், காந்தியடிகளைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்தல் வேண்டும் என்னும் எண்ணம் அவர்க்கு உதித்தது. அதன் பொருட்டுப் பழைய படச்சுருள்களைத் தேடிக் கண்டங்கள் கடந்து அலைந்தார். 1940இல் அப்படம் வெளிவந்தது. 1943இலிருந்து ‘குமரி மலர்’ இதழை நடத்தினார்.

அவர் பயண எழுத்தில் ஒரு தனித்தன்மை உண்டு. தம்மைப் பற்றி மிகக் குறைவாகவே எழுதினார். தாம் பட்ட இடர், தாம் காட்டிய துணிவு ஆகியவற்றைப் பின்னிறுத்தி, கண்ட மனிதரை முன்னிறுத்தினார். நாடு அவர்க்கு முடிக்க வேண்டிய எண்ணன்று. தேடும் பொருள் இருக்கக்கூடிய இடம். தேடல் வெளியே ஒரு பொருளை நோக்கி நின்றமையால் பார்வையும் வெளியே சென்றது. முழுவுலகப் பயணியர்க்கோ தேடலின் பொருள் தம் பட்டியலின் நிறைவு. ஆதலின் பார்வை திரும்பத் திரும்பத் தம்மிடமே வருகின்றது. இஃது ஒருவர் உயர்ந்தோர், மற்றவர் தாழ்ந்தோர் எனக் கூறுவதன்று. நோக்கம் நடையை வகுக்கும் என்பதற்கு எடுத்துக்காட்டு.

முடிவுரை

முழுவுலகப் பயண வேட்கை பழிக்கத்தக்கதன்று. பொருளும் உடலும் உயிரும் ஈடு வைத்துச் செய்யப்படும் அரிய முயற்சி அது. உலகம் மறந்த சிறு நாடுகளுக்கு ஒருவரையேனும் கொண்டு சேர்ப்பது அதன் நன்மை. ஆனால் ‘அனைத்தும் கண்டேன்’ என்னும் கூற்று, எத்தனை நாடுகள் என்பதிலேயே ஐவர்க்குள் ஒற்றுமை இல்லாத ஒன்றைப் பற்றியதாகலின், அது ஒரு நூலின் தகுதிக்குச் சான்றாகாது.

எனவே, பயண நூலை ஆராயப் புகும் மாணவர், ஆசிரியர் எத்தனை நாடு சென்றார் என வினவுமுன் மூன்று வினாக்களை எழுப்புதல் நலம். எந்த ஊரில் அவர் தம் திட்டத்தினும் மிகுதியாகத் தங்கினார்? எந்த மனிதரிடம் தம் கருத்தை மாற்றிக்கொண்டார்? அந்நூலிலிருந்து ஆசிரியரை நீக்கிவிட்டால் அந்நாடு எஞ்சுமா? மூன்றாம் வினாவிற்கு ‘எஞ்சும்’ என விடை வருமாயின், அவர் கண்ட நாடு ஒன்றே ஆயினும் அந்நூல் பயண இலக்கியம். ‘எஞ்சாது’ என விடை வருமாயின், நாடுகள் இருநூறே ஆயினும் அது கணக்கேடே.